பதினாலு பக்கம்

எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும்னு எங்க சொந்தத்துல எல்லாரும் சொல்லுவாங்க. பொய்யில்லீங்க. ஆனா அன்னிக்குச் செவ்வாக்கெழம காத்தால எங்க ஊட்டுக்காரர் கோழிக் கொட்டாயிலிருந்து வந்து, கால் கழுவிக்கிட்டே, "அக்கா போன் பண்ணுச்சு சரிதா. வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வருதாம், பாப்பாவப் பாக்க"ன்னு சொன்னப்ப எனக்குக் கோவம் வரல. பயந்தான் வந்துச்சு.

பாப்பான்னா எங்க தீபிகா. ஒத்தப் புள்ள. பங்குனியில ஆறு வயசு முடிஞ்சுது. இன்னிக்கு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடத்து வாசப்படி மிதிச்சதில்ல. நாந்தான் விடல.

அதுக்கு எங்களுக்குள்ள ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நடந்த சண்டை இருக்கே, சேந்தமங்கலம் ரோடு முழுக்கக் கேட்டிருக்கும். கடைசியில அவருதான் ஒரு முடிவுக்கு வந்தாரு. "ஆறு வயசு முடியற வரைக்கும் உன்ற இஷ்டம். அப்பறம் எங்கக்கா வந்து பாக்கட்டும். எழுத்துக்கூட்டியாவது ஒரு பக்கம் படிச்சுக் காட்டீட்டான்னா, மேல நான் வாயத் தொறக்க மாட்டேன். படிக்கலீன்னா அக்கா கூட அனுப்பிரணும்." நானும் சரின்னு தலையாட்டுனேன். ரெண்டு வருசம் இருக்குதே, அதுக்குள்ள தானா வந்துரும்னு ஒரு நம்பிக்கை.

அவங்கக்கா ஜெயப்பிரியா, எனக்கு நங்கையா முறை. நாமக்கல் தாண்டி ஒரு பெரிய ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்பு டீச்சர். அங்கேயே குவார்ட்டர்ஸ். அக்கா கூட அனுப்பறதுன்னா திங்கக்கெழம போனா சனிக்கெழம பொழுதோடதான் புள்ள ஊடு வரும். ஆறு நாள் எம்புள்ள எங்கிட்ட இல்ல. அதுதான் பந்தயம்.

நான் எதுக்கு இப்பிடி ஒத்தக் கால்ல நின்னேன்னு கேப்பீங்க. நான் ப்ளஸ் டூ படிச்சதும் அதே மாதிரி ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடந்தான். பேரு வேண்டாம், விடுங்க. காத்தால அஞ்சு மணிக்கு எழுப்பி உடுவாங்க. பக்கம் பக்கமாப் பாடம் பண்ணணும். புத்தகத்த மூடீட்டு ஸ்டாஃப் முன்னாடி போயி நின்னு ஒப்பிக்கணும். ஒரு வார்த்தை மாறுனா உள்ளங்கையில ஸ்கேல் அடி, மறுபடி மொதல்லிருந்து. இயற்பியல் புத்தகத்துல எழுவத்தி நாலாம் பக்கத்துல மேலிருந்து மூணாவது வரி என்னன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்து நூத்தி அறுவத்திரெண்டு வாங்குனேன். பேனர் வச்சாங்க. மூணு மாசம் கழிச்சு காலேஜ்ல ஒரு வாத்தியார், "மின்சாரம்னா என்னம்மா, உன் வார்த்தையில சொல்லு"ன்னு கேட்டாரு. எனக்குன்னு சொந்தமா ஒரு வார்த்தை கூட வரல. பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நின்னேன். அந்த அவமானம் இன்னும் என்ற நெஞ்சுல கெடக்குது. எம்புள்ளைக்கு அது வரக் கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருந்தேன்.

அதனால தீபிக்கு நான் பாடம்னு எதுவுமே நடத்துனதில்ல. நேரம் போட்டு உக்கார வைக்கறதில்ல, நோட்டு கெடையாது. கேட்டாச் சொல்லுவேன், கேக்காட்டி சொல்ல மாட்டேன். எங்களுக்கு முட்டைக் கோழிப் பண்ணை. தோட்டத்துக்கு நடுவுல ஊடு, ரெண்டு பக்கமும் கொட்டாய். முட்டை பொறுக்கற செல்லாயியக்கா பின்னாடியே அவளும் போவா. ரெண்டு முட்டைய காதுகிட்ட வச்சு மெதுவாத் தட்டிப் பாத்து, எதுல மசுரு கனத்துக்கு வெடிப்பு இருக்குதுன்னு சத்தத்துலயே சொல்லீருவா. எங்க ஊட்டுக்காரருக்கே அது சரியா வராது. ஒரு அட்டைக்கு முப்பது முட்டை, அதனால அவளுக்கு எண்ணிக்கையே முப்பது முப்பதாத்தான். நூறுன்னா எவ்வளவு கண்ணுன்னு கேட்டா, "மூணு அட்டையும் பத்தும்"பா. முட்டை ஓடு ஏன் மெலிசா வருதுன்னு ஒரு நாள் கேட்டா. தீவனத்துல கிளிஞ்சல் கொறஞ்சா அப்படித்தான் வரும்னு சொன்னேன். மூணு நாளு எந்தக் கோழி கிளிஞ்சலப் பொறுக்கித் திங்குது, எது ஒதுக்கித் தள்ளுதுன்னு கொட்டாய் வாசல்லயே உக்காந்து பாத்தா. எந்தப் பள்ளிக்கூடத்துல இதச் சொல்லித் தருவாங்கன்னு எனக்கு அப்பிடியொரு பெருமை.

ஆனா படிக்கறது மட்டும் அவ கேக்கவே இல்ல. அவ பேரு எழுதுவா. முட்டைங்கற எழுத்து தெரியும், டீன்னு டீக்கடை போர்டு தெரியும். அம்புட்டுத்தான். மத்ததெல்லாம் அவளுக்கு வெறும் கோடு. நானும் நாளைக்குக் கேப்பா, அடுத்த மாசம் கேப்பான்னு இருந்துட்டேன். ஊருக்குள்ள "டீச்சர் வேலை பாத்தவ புள்ளையக் கோழி மேய்க்க உடறா பாரு"ன்னு பேசுனாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நான் கொஞ்ச நாள் டீச்சரா இருந்ததால அந்தப் பேச்சு. பேசட்டும்னு உட்டேன்.

இப்ப பன்னெண்டு நாளுன்னதும் கையும் ஓடல, காலும் ஓடல.

மொத ரெண்டு நாளு நல்லவளாத்தான் இருந்தேன். அரிசிமாவுல எழுத்துப் போட்டுக் காட்டுனேன். சுண்ணாம்புக் கட்டியில சுவத்துல எழுதுனேன். அவ ஒரு நிமிசம் பாப்பா, "அம்மா, கொட்டாயில மருந்து அடிக்கறாங்க, நான் போறேன்"னு ஓடீருவா. ஓடற புள்ளையப் புடிச்சு நிறுத்தக் கூடாதுன்னு நான்தானே ரெண்டு வருசமாப் பேசியிருக்கேன். போக உட்டேன்.

வியாழக்கெழம மத்தியானம் சோத்துக்கு வந்தப்ப எங்க ஊட்டுக்காரர் ஒரு சின்னப் புத்தகத்தக் கொண்டாந்து டேபிள் மேல வச்சாரு. பச்சை அட்டை. நங்கையா வேலை பாக்கற பள்ளிக்கூடத்துலயே அச்சடிச்ச வாசிப்புப் புத்தகம்.

"இதுல ஏதாவதொரு பக்கம் படிச்சாப் போதும்னு அக்கா சொல்லிச்சு. நான் கண்டிசனா நடந்துக்கல பாரு, என்ன புத்தகம்னு மொதல்லயே குடுத்துட்டேன். அப்பறம் எம்மேல பழி போடாத"ன்னாரு.

நான் புரட்டிப் பாத்தேன். பக்கத்துக்கு ஒரு படம், கீழ நாலஞ்சு வரி. மொத்தம் பதினாலே பதினாலு பக்கம்.

வெள்ளிக்கெழம காத்தால தீபிய மடியில வச்சு மொதல் பக்கத்த ஒருவாட்டி படிச்சுக் காட்டுனேன். மாடு படம். "மாடு வந்தது. மாடு புல் மேய்ந்தது. மாடு பால் தந்தது. மலர் பால் குடித்தாள்." புத்தகத்த மூடறதுக்குள்ள அவ திருப்பி அப்படியே சொன்னா. ஒரு எழுத்து மாறல. எனக்குப் பக்குன்னுச்சு. ஞாபகம் என்னையாட்டவே.

அந்த நிமிசம் என்ற மண்டையில என்ன ஓடுச்சுன்னு மறைக்காமச் சொல்றேன். பதினாலு பக்கம். பக்கத்துக்கு நாலஞ்சு வரி. ஒம்பது நாள் இருக்குது. படத்தப் பாத்தா இன்ன பக்கம்னு அவளுக்குத் தெரிஞ்சுரும், தெரிஞ்சாச் சொல்லீருவா. நான் பக்கம் பக்கமா எத்தனை புத்தகத்த முழுங்குனவ. இது எம்மாத்திரம்.

இது ஏமாத்து வேலைன்னு எனக்குத் தெரியும்ங்க. ஒரே ஒருவாட்டி, நங்கையா வந்துட்டுப் போற வரைக்கும்தான், அப்பறம் பழையபடி அவ இஷ்டத்துக்கு உட்டுருவேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அவள எங்கிட்டயே வச்சுக்கறதுக்காகத்தானே செய்யறேன்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கெழமக்குள்ள அஞ்சு பக்கம் முடிஞ்சுது. அவளுக்கும் அது வெளையாட்டா இருந்துச்சு. நான் படத்தக் காட்டுவேன், அவ சொல்லுவா, ரெண்டு பேரும் சிரிப்போம். அப்பறந்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. வெறுமனே சொன்னாப் படிக்கற மாதிரி தெரியாதே. விரல வச்சுப் படிக்கணும். "ஒவ்வொரு வார்த்தைக்கும் விரல நகத்தணும் சாமி. மாடுன்னு சொல்றப்ப இங்க, வந்ததுன்னு சொல்றப்ப இங்க"ன்னு அவ விரலப் புடிச்சு நகத்திக் காட்டுனேன். அவ, "இங்க மாடுன்னு எழுதியிருக்குதாம்மா?"ன்னு கேட்டா.

ரெண்டு வருசமா நான் காத்துக் கெடந்த கேள்வி அது. அன்னிக்குக் கேட்டுப்புட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "ஆமா ஆமா, அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், நீ அடுத்த பக்கத்தச் சொல்லு"ன்னேன்.

திங்கக்கெழமயிலிருந்து அவளுக்குச் சலிச்சுப் போச்சு. ஏழாம் பக்கம், எட்டாம் பக்கம்னு வர வர ஒண்ணுக்கொண்ணு கொழம்ப ஆரம்பிச்சுது. அன்னிக்குன்னு பாத்து ஒரு கொட்டாய்க்கு இளங்கோழி வந்து எறங்குது. லாரி ஆரன் சத்தம் கேட்டதும் எந்திரிச்சு ஓடப் பாத்தா. நான் கதவச் சாத்தி மேல்தாப்பாள் போட்டேன். மேல்தாப்பாள் அவளுக்கு எட்டாது.

"இதச் சொல்லீட்டுப் போ."

"எனக்கு வேண்டாம்மா."

"வேண்டாமாவா? அப்ப அத்தை கூடப் போயி இருக்கியா? அம்மாவ உட்டுட்டு இருப்பியா?"

அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. பொட்டாட்ட அடங்கி வந்து உக்காந்துக்கிட்டா. அப்பறம் அந்த வாரம் முழுக்க அதே மெரட்டலத்தான் வச்சு ஓட்டுனேன். புள்ளைய எங்கிட்டயே வச்சுக்கணும்னு புள்ளையவே மெரட்டுனேன் பாருங்க, என்னை எதால அடிக்கறது.

புதன்கெழம ஒம்பதாம் பக்கம். மூணுவாட்டி தப்பாச் சொன்னா. மூணாவதுவாட்டி எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ அந்தக் கோவம். அலமாரியில எங்க ஊட்டுக்காரர் கணக்கெழுதற மர ஸ்கேல் இருந்துச்சு. எடுத்தேன். "கைய நீட்டு"ன்னேன். என்ற வாயில வந்த கொரலு என்னுதே இல்ல. எங்க பள்ளிக்கூடத்து கெமிஸ்ட்ரி மேடம் கொரலு அது. அவ எதுக்குன்னு தெரியாம, நான் ஏதோ தரப் போறேன்னு நெனச்சு, சிரிச்சுக்கிட்டே கைய நீட்டுனா.

அடிச்சேன். உள்ளங்கையில, நடுவுல.

அவ அழுவல. கையப் பாத்தா, என்னையப் பாத்தா. ஆறு வருசத்துல மேல ஒரு வெரலு பட்டதில்லீங்க அவளுக்கு. அப்பறம் ஒம்பதாம் பக்கத்தத் தப்பில்லாமச் சொன்னா. அதுதான் கொடுமை. அடிச்சதும் சரியாச் சொல்லீட்டா. அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்னு எங்க மேடம் சொல்லிச் சொல்லித்தான் அடிப்பாங்க. அது சரிதான் போலிருக்குதுன்னு எனக்குத் தோணுச்சு. புதன்கெழம ரெண்டு அடி. வியாழக்கெழம ஒண்ணு. வெள்ளிக்கெழம நான் கணக்கு வச்சுக்கல.

வெள்ளிக்கெழம பத்து மணி வாக்குல செல்லாயியக்கா சன்னல் வழியா எட்டிப் பாத்தாங்க. "ஏனுங் அம்மிணி, பாப்பா நாலு நாளாக் கொட்டாய்ப் பக்கமே காணமே, காச்சலுங்களா?"

"இல்லீங்க்கா, படிக்கறா"ன்னேன். ஸ்கேல முந்தானைக்குள்ள வச்சிருந்தேன்.

அந்தச் சமயம் பாத்து எங்க ஊட்டுக்காரரும் மோட்டார் சாவி எடுக்க உள்ள வந்துட்டாரு. தீபி புத்தகத்து மேல விரல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதப் பாத்து அவரு மூஞ்சி மலந்துருச்சு. "என்ன சாமி பண்றே?"ன்னாரு. "படிக்கறேம்பா"ன்னு சொன்னா. என்ற பக்கம் திரும்பவே இல்ல. அவரு அவ தலையத் தடவிக் குடுத்துட்டு, என்னையப் பாத்து, "பரவால்ல சரிதா. நாந்தான் உன்னையத் தப்பா நெனச்சுட்டேன். பாப்பா படிச்சுட்டா நானே அக்காகிட்டப் பேசறேன், இனி யாரும் உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ன்னாரு. முந்தானைக்குள்ள ஸ்கேல் கையில வழுக்குது, அவ்வளவு வேர்வை.

சனிக்கெழம பொழுதோட பதினாலு பக்கமும் சரியா வந்துருச்சு. மாத்தி மாத்தி எந்தப் படத்தக் காட்டுனாலும் டக்குடக்குன்னு சொன்னா, விரலும் சரியா நகந்துச்சு. நான் அவளக் கட்டிப் புடிச்சு முத்தம் குடுத்தேன். அவ உடம்ப வெறச்சுக்கிட்டு நின்னா. நாளைக்கு ஒரு நாள், அப்பறம் எல்லாஞ் சரியாப் போயிரும்னு நெனச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு நங்கையா வந்தாங்க. கையில நெலக்கடலை உருண்டை டப்பா. அவங்களக் கெட்டவங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எப்பவும் சிரிச்ச மொகம். தண்ணி குடிச்சுட்டு, தீபியப் பக்கத்துல உக்கார வச்சு, "என்ன கண்ணு, அத்தைக்கு ஒரு பக்கம் படிச்சுக் காட்டறியா?"ன்னு கேட்டுக்கிட்டே பையிலிருந்து புத்தகத்த எடுத்தாங்க.

மஞ்சள் அட்டை.

"நங்கையா, இது வேற புத்தகமுங்களா?"

"இல்ல சரிதா, அதேதான். இந்த வருசம் புதுசா அச்சடிச்சாங்க. பாடமெல்லாம் ஒண்ணுதான், படம் மட்டும் கொஞ்சம் மாத்தியிருக்காங்க."

"இல்லீங்க, அவளுக்குப் பழைய புத்தகத்துல படிச்சுத்தான் பழக்கம். இருங்க, எடுத்துட்டு வாரேன்"னு எந்திரிச்சேன்.

"எந்தப் புத்தகமா இருந்தா என்ன? எழுத்து எழுத்துத்தானே"ன்னு அவங்க சிரிச்சாங்க. எங்க ஊட்டுக்காரரும், "உக்காரு சரிதா, என்னமோ நீ பரிச்ச எழுதற மாதிரி பதறாத"ன்னாரு. உக்காந்தேன். உக்காராம என்ன பண்றது.

நங்கையா மொதல் பக்கத்தத் தொறந்தாங்க. படம் புதுசு. ஆனா புண்ணியத்துக்கு அதுவும் மாடுதான். தீபி விரல வச்சா. "மாடு வந்தது. மாடு புல் மேய்ந்தது. மாடு பால் தந்தது. மலர் பால் குடித்தாள்." நிறுத்தி நிதானமா, விரல் ஒவ்வொரு வார்த்தைக்கும் நகந்து நகந்து. எங்க ஊட்டுக்காரர் அவருக்கே தெரியாம அவ கூடவே உதட்ட அசைச்சுக்கிட்டு வந்தாரு.

"அட, எழுத்துக்கூட்டாமயே படிக்கறாளே"ன்னு நங்கையா புத்தகத்த மூடப் போனாங்க. "போதும் தம்பி. சரிதா ஜெயிச்சுட்டா. எங்க வகுப்புல இத்தன தெளிவா நாலு புள்ளைக கூடப் படிக்காது."

எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. அப்பத்தான் அவரு, பெத்த தகப்பனுக்கு இருக்கற ஆசையில, "இன்னொரு பக்கம் படிக்கட்டும்க்கா, கேக்க நல்லாருக்குது"ன்னாரு. நான் வேண்டாமுங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நங்கையா புரட்டீட்டாங்க.

நாலாம் பக்கம். மழைப் பாடம். பழைய புத்தகத்துல கொடை படம் போட்டிருக்கும். இதுல மழைத் தண்ணியில ஒரு காயிதப் படகு மெதந்துக்கிட்டிருந்துச்சு. நான் உக்காந்த எடத்துலிருந்தே எழுத்து நல்லாத் தெரிஞ்சுது. மழை வந்தது. மண் நனைந்தது. தவளை கத்தியது. வேலன் குடை பிடித்தான். மழை நின்றது.

தீபி படகப் பாத்தா. மூஞ்சியில ஒரு தெளிவு வந்துச்சு. விரலக் கொண்டு போயி மழைங்கற வார்த்தை மேல வச்சா.

"ஆற்றில்..."

எங்க ஊட்டுக்காரர் உதடு மழைன்னு சொல்லப் போனது அப்படியே நின்னு போச்சு.

"...படகு போகிறது. படகில் மாமா இருக்கிறார்." விரல் வரிக்கு வரி எறங்கி தவளை மேல இருக்குது. "மாமா துடுப்பு போடுகிறார். படகு கரை சேர்ந்தது."

அது பதினோராம் பக்கம். நாலு வரி. முடிச்சுட்டா. ஆனா இங்க அஞ்சாவதா ஒரு வரி மிச்சமிருந்துச்சு. அவ விரல் அந்த வரிக்கு முன்னாடி நின்னுச்சு. சொல்றதுக்கு அவகிட்ட ஒண்ணுமில்ல. நங்கையா மூஞ்சியப் பாத்தா, அப்பா மூஞ்சியப் பாத்தா. தப்பாயிப் போச்சுன்னு புரிஞ்சுக்கிட்டா.

அப்பறம் யாரும் கேக்காமயே, எந்திரிச்சு எம்முன்னாடி வந்து நின்னு, வலது கைய நீட்டுனா. உள்ளங்கை மேல பாத்த மாதிரி.

நடுவுல செவந்து, ஓரத்துல கன்னிப் போயிருந்துச்சு. நாலு நாளா அந்தக் கையிலதான் அவளுக்குச் சோத்துத் தட்டக் குடுத்தேன். அப்பல்லாம் என்ற கண்ணுக்கு அது தெரியல.

நங்கையா எந்திரிச்சு வந்து அந்தக் கையத் தன் கையில எடுத்துப் பாத்தாங்க. "யாரு கண்ணு அடிச்சாங்க?"

தீபி என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு, "யாரும் அடிக்கலீங்க அத்தை"ன்னா.

"நாந்தானுங்க நங்கையா"ன்னேன். "அவளுக்குப் படிக்கத் தெரியாது. பதினாலு பக்கத்தையும் பாடம் பண்ண வச்சேன். தப்பாச் சொன்னப்ப ஸ்கேல்ல அடிச்சேன்." சொல்லி முடிக்கறதுக்குள்ள அழுகை வந்துருச்சு. யாரும் என்னைய சமாதானப்படுத்தல. சமாதானம் கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்குது.

எங்க ஊட்டுக்காரர் சத்தம் போடுவாருன்னு நெனச்சேன். போட்டிருந்தாத் தேவலாம். அவரு பாப்பாவத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, அந்தக் கைய ஊதி உட்டுக்கிட்டே இருந்தாரு. அப்பறம், "ரெண்டு வருசமா அடிக்கற பள்ளிக்கூடம், அடிக்கற பள்ளிக்கூடம்னு என்ற வாய அடைச்சியே சரிதா"ன்னாரு.

நங்கையாதான் பேசுனாங்க. "நாங்களும் அந்தக் காலத்துல அடிச்சவங்கதான். இல்லீங்கல. இப்ப எங்க வகுப்புல கை ஓங்கறதில்ல சரிதா, ஓங்கவும் உட மாட்டாங்க. மறைக்காமச் சொல்றேன், மனப்பாடம் இருக்கும். அது இல்லாத பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் எனக்குத் தெரியல. ஆனா எழுத்து நான் சொல்லித் தந்துருவேன். என்கூடத்தான் தூங்குவா. உனக்கு மனசு இல்லீன்னா சொல்லு, நான் கூட்டிட்டுப் போகல."

முடிவ அப்பக் கூட எங்கிட்டத்தான் குடுத்தாங்க. பந்தயத்துல நான் தோத்துட்டேன்னு அவங்க ரெண்டு பேருமே சொல்லல. வேண்டாம், இங்கயே இருக்கட்டும், நான் திருந்திக்கறேன்னு சொல்லியிருந்தா உட்டிருப்பாங்க. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்த ஸ்கேல எடுத்தப்ப என்ற வாயிலிருந்து வந்த கொரல நான் கேட்டிருக்கேனே. அது ஒரே நாள்ல போயிரும்னு எந்த தைரியத்துல சொல்றது? அடுத்தவாட்டி வேற ஏதாவதொண்ணுக்கு பயம் வந்தா கை சும்மா இருக்கும்னு எனக்கே நம்பிக்கை இல்ல.

"கூட்டிட்டுப் போங்க நங்கையா"ன்னேன்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்கற அன்னிக்கு நாந்தான் அவளுக்குத் தல சீவி உட்டேன். ரெட்டைச் சடை. யூனிஃபார்ம் தோள்ல தொளதொளன்னு தொங்குச்சு. எங்க ஊட்டுக்காரர் பெட்டியக் கார்ல ஏத்திக்கிட்டிருந்தாரு. இந்த ஒரு மாசத்துல அவ எங்கிட்டப் பழையபடி பேச ஆரம்பிச்சிருந்தா, சிரிக்கவும் சிரிப்பா. ஆனா எதுக்காவது நான் கைய வேகமாத் தூக்குனா கண்ணச் சிமிட்டுவா. அம்மாவ உட்டுட்டுப் போறதுக்கு அழுவா, காலக் கட்டிக்குவா, அப்ப எப்பிடித் தாங்கறதுன்னு எனக்கு ஒரு வாரமாத் தூக்கமில்ல.

ரிப்பன் கட்டி முடிச்சேன். அவ கண்ணாடியில என்னையப் பாத்து, மெதுவாக் கேட்டா.

"அம்மா, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நீ டீச்சரா வரமாட்டயில்ல?"

"வரமாட்டேன் சாமி."

"எப்பவுமேயா?"

"எப்பவுமே."

"அப்பச் செரி"ன்னு சொல்லீட்டு எந்திரிச்சுப் போயி, அவளாவே கார்க் கதவத் தொறந்து உக்காந்துக்கிட்டா.